குழந்தைகளோடு கார்ட்டூன் மியூசியம்: சென்னையிலிருந்து கிளம்புபவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடியில் பிள்ளைகளைச் சேர்த்துப் படம் வரைய விடுகிறேன். சொல்லிக்கொடுப்பது என்று பெரிதாக எதுவும் இல்லை. காகிதமும் பென்சிலும் கொடுப்பேன், சண்டை வந்தால் விலக்கிவிடுவேன், அவ்வளவுதான். போன வருடம் என் மகள் (7 வயது), மகன் (4 வயது), அக்கா பையன் (9 வயது) மூவரையும் பெங்களூருவில் இருக்கும் கார்ட்டூன் கேலரிக்குக் கூட்டிப்போய் வந்தேன். அன்றிலிருந்து லிஃப்டிலும் பள்ளி வாசலிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரே கேள்விகள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

கார்ட்டூன் மியூசியம்னா டிவியில வர்ற கார்ட்டூன் எல்லாம் இருக்குமா?

இருக்காது. இதை வீட்டிலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். வாசலில் போய்ச் சொன்னால் அழுகைதான். கார்ட்டூன் என்ற ஒரே சொல்லுக்குள் நாம் மூன்று சங்கதிகளைத் திணித்து வைத்திருக்கிறோம். பத்திரிகையில் ஒற்றைச் சட்டத்துக்குள் வரும் கேலிச்சித்திரம் ஒன்று, கட்டம் கட்டமாகக் கதை சொல்லும் படக்கதை இன்னொன்று, டிவியில் ஓடுவது மூன்றாவது. பெங்களூரு கேலரியில் முதல் வகைதான் பிரதானம்.

மூன்றாவது வகைக்கும் இதற்கும் உள்ள உறவைக் காட்ட ஒரு வழி உண்டு. மளிகைக் கணக்கு எழுதும் குட்டி நோட்டு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் ஒரு பந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வரையச் சொல்லுங்கள். 24 தாள் போதும். கட்டைவிரலால் சர்ரென்று விட்டால் பந்து குதிக்கும். சினிமாவில் ஒரு நொடிக்கு ஓடுவதும் 24 படங்கள்தான். என் மகன் ரயிலில் ஜோலார்பேட்டை வரும்வரை அந்த நோட்டைக் கீழே வைக்கவில்லை.

சென்னையிலயே ஒண்ணு இல்லையா? எதுக்கு பெங்களூரு?

கார்ட்டூனுக்கென்றே நிரந்தரமான மியூசியம் சென்னையில் இல்லை. தமிழ்ப் பத்திரிகை ஓவியம் முழுக்க வளர்ந்த ஊர், அம்புலிமாமா வடபழனியிலிருந்து வந்த ஊர், ஆனாலும் இல்லை. எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. சரி, புலம்பி ஆகப்போவது ஒன்றும் இல்லை.

பக்கத்தில் இருப்பவை இரண்டு. பெங்களூருவில் எம்.ஜி. ரோடுக்கு அருகே மிட்ஃபோர்டு கார்டனில் உள்ள இந்தியன் கார்ட்டூன் கேலரி, 2007-இல் திறந்தது, நுழைவுக் கட்டணம் கிடையாது. இன்னொன்று கேரளத்தில் காயங்குளத்தை ஒட்டிய கிருஷ்ணபுரத்தில், அந்த ஊர்க்காரரான கார்ட்டூனிஸ்ட் சங்கரின் பெயரில் இருக்கும் மியூசியம். சென்னையிலிருந்து திருவனந்தபுரம் மெயில் ஏறினால் காயங்குளத்தில் இறங்கலாம். கிருஷ்ணபுரம் அரண்மனையின் கஜேந்திர மோட்சச் சுவரோவியமும் பக்கத்திலேயே. கேரளாவுக்கு எப்படியும் போகிறீர்கள் என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்காக மட்டும் என்றால் பெங்களூருவே வசதி.

எத்தனை வயசுல கூட்டிட்டுப் போகலாம்?

என் அனுபவத்தில் ஆறிலிருந்து ஒன்பது வரை நல்ல வயது. நாலு வயதுக்காரனும் வரலாம், ஆனால் அவனுக்கு அரை மணி நேரம்தான். மூன்றுக்குக் கீழே என்றால் அது உங்களுக்கான பயணம், குழந்தைக்கானது இல்லை. அதில் தப்பொன்றும் இல்லை.

எப்படிப் போறது? ஒரே நாள்ல போய்ட்டு வந்துடலாமா?

சென்ட்ரலிலிருந்து பெங்களூரு சுமார் 360 கிலோமீட்டர். காலை 6 மணி வாக்கில் கிளம்பும் வந்தே பாரத் அல்லது சதாப்தியில் ஏறினால் 11 மணிக்குள் கேஎஸ்ஆர் பெங்களூரு. ஸ்டேஷனிலிருந்தே மெட்ரோ, பர்ப்பிள் லைன். மெஜஸ்டிக், விதான சவுதா, கப்பன் பார்க், எம்.ஜி. ரோடு எல்லாம் தாண்டி டிரினிட்டியில் இறங்குங்கள். அங்கிருந்து ஆட்டோவில் ஏறும் தூரம்கூட இல்லை. பெட்டியில் இருக்கை வேண்டும் என்றால் 5 வயதானவருக்கும் முழு டிக்கெட்தான். 5 ஆகாதவர் மடியில் உட்கார்ந்தால் டிக்கெட் தேவையில்லை.

ஒரே நாளில் திரும்ப முடியும். நான் செய்யமாட்டேன். அதிகாலை நாலரைக்கு எழுப்பிய குழந்தை மத்தியானம் இரண்டு மணிக்கு என்ன கோலத்தில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஓர் இரவு தங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை கேலரி கிடையாது. அதனால் சனிக்கிழமை கேலரி, ஞாயிறு ஊர் சுற்றல், அப்புறம் திரும்புதல். கிளம்புமுன் போன் செய்து திறந்திருக்கிறதா என்று கேட்பது கட்டாயம். நம்ம ஊரிலேயே ஒரு ஓவியக் கண்காட்சிக்கு மூன்று பிள்ளைகளோடு போய், பூட்டிய கதவையும் அதன் மேல் ஒட்டியிருந்த பழைய போஸ்டரையும் பார்த்துவிட்டு வந்தவள் நான்.

அரை மணி நேரத்துக்கு அவ்வளவு தூரமா? காசு வேஸ்ட் இல்ல?

கேலரி சின்னது, நீங்கள் கேட்பது நியாயம்தான். அதனால்தான் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள் என்கிறேன். திரும்பும் வழியில் கப்பன் பார்க் இருக்கிறது, ஓட விடலாம். கஸ்தூர்பா ரோட்டில் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப மியூசியம் இருக்கிறது, அங்கே பொத்தானை அழுத்தினால் ஏதாவது சுற்றும், பிள்ளைகள் வெளியே வர மறுப்பார்கள்.

இன்னொன்று: முதல் மியூசியமே வெளியூரில் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மாதம் முன்பே எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ஒரு ஒத்திகை பாருங்கள். 1851-இல் தொடங்கியது, வெள்ளிக்கிழமை விடுமுறை. திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்த்ததும் பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள். பிறகு வெண்கலச் சிலைகள் பக்கம் போய், ஒரே ஒரு மூக்கை மட்டும் வரையச் சொல்லுங்கள். முழுச் சிலை வேண்டாம். கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒன்றையே பார்ப்பது எப்படி என்பது அங்கேயே பழகிவிடும்.

எல்லாம் கறுப்பு வெள்ளையா இருக்குமே, போரடிக்காதா?

கலர் இல்லை என்பதை ஒரு புதிராக மாற்றிவிட்டால் போரடிக்காது. அந்தக் காலப் பத்திரிகையில் படம் அச்சாக வேண்டுமானால் உலோகத் தகட்டில் பிளாக் எடுக்க வேண்டும். கோட்டுப்படத்துக்கான பிளாக்குக்குக் கறுப்பு தெரியும், வெள்ளை தெரியும், நடுவில் சாம்பல் தெரியாது. அப்போது நிழலை எப்படிக் காட்டுவது? கோடுகளை நெருக்கிப் போட்டார்கள், குறுக்கும் நெடுக்குமாகப் போட்டார்கள், புள்ளி வைத்தார்கள். வீட்டில் பூதக்கண்ணாடி இருந்தால் இன்றைய செய்தித்தாளில் ஒரு புகைப்படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். முகம் போய் வெறும் புள்ளிக்கோலம் தெரியும். மார்கழிக் கோலம் பார்த்த பிள்ளைக்கு இது சட்டென்று பிடிபடும்.

அப்புறம், அசல் படங்கள் மாட்டியிருந்தால் அதிர்ஷ்டம். பத்திரிகையில் வருவதைவிட அவை பெரிதாக இருக்கும். பெரிதாக வரைந்து, சிறிதாக்கி அச்சிடுவது வழக்கம். சிறிதாகும்போது கை நடுக்கம் மறைந்துவிடும். பக்கவாட்டில் தலையைச் சாய்த்து வெளிச்சம் படும்படி பார்க்கச் சொல்லுங்கள். அழிக்காமல் விட்ட பென்சில் கோடு தெரியும், தப்பை மறைக்கப் பூசிய வெள்ளை மையின் மேடு தெரியும். என் மகள் ஒரு படத்தில் ஒருவரின் ஷூவுக்குக் கீழே வெள்ளைப் பூச்சைக் கண்டுபிடித்தாள். அதற்கடியில் இன்னொரு ஷூ மங்கலாக இருந்தது. “அம்மா, இவருக்கு மூணு காலும்மா! பெரியவங்களும் தப்பா வரைவாங்களா?” என்று கத்தியதில் காவலாளியே எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். மற்ற படங்கள் எதுவும் அவளுக்கு நினைவில் இல்லை. அந்த மூன்றாவது கால் இன்றைக்கும் பேச்சில் வரும்.

நேரு, இந்திரா காந்தி யாருன்னே எம் பையனுக்குத் தெரியாது. அவனுக்கு என்ன புரியும்?

ஜோக் புரியாது. புரிய வேண்டியதும் இல்லை. அவனிடம் கேட்க வேண்டியது, “இதே ஆள் வேறு எந்தப் படத்தில் இருக்கிறார்?” என்பதுதான். வெவ்வேறு கைகள் வரைந்த படங்களில் ஒரே மனிதரைக் கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்கு ஒளிந்து விளையாடுவது மாதிரி. தொப்பி, சட்டையில் ரோஜா என்றால் ஒருவர். முடியில் ஒரு வெள்ளைப் பட்டை என்றால் இன்னொருவர். பெயர் அப்புறம் வரட்டும்.

இதை வீட்டிலேயே விளையாடிப் பாருங்கள். ஒரு முண்டாசு, அதற்குக் கீழே ஒரு மீசை. கண் வேண்டாம், மூக்கு வேண்டாம். ஆட்டோ பின்னாலும் டீ ஷர்ட்டிலும் பார்த்த எந்தப் பிள்ளையும் பாரதியார் என்று சொல்லிவிடும். கறுப்புக் கண்ணாடியும் மஞ்சள் துண்டும் வரையுங்கள், தாத்தா பாட்டி உடனே பெயர் சொல்வார்கள். வெள்ளைத் தொப்பியும் கண்ணாடியும் வரையுங்கள், இன்னும் சத்தமாகச் சொல்வார்கள். பிறகு உங்கள் வீட்டு ஆள் ஒருவரை மூன்றே பொருளில் வரையச் சொல்லுங்கள். அக்கா பையன் என்னை ஒரு கொண்டை, ஒரு பேனா, கழுத்தில் தொங்கும் கண்ணாடிக் கயிறு என்று முடித்துவிட்டான். முகமே இல்லாத அந்தப் படத்தைக் குடியிருப்பில் எல்லோரும் அடையாளம் சொன்னார்கள்.

1906-இல் வரத் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் கேலிச்சித்திரங்களை வெளியிட்டவர் இதே பாரதியார் என்பதை ஒன்பது வயதுக்காரருக்குச் சொல்லலாம். நாலு வயதுக்காரருக்கு முண்டாசு போதும்.

எழுதியிருக்கறது இங்கிலீஷ், கன்னடம்னு இருக்குமே. நாங்க மொழிபெயர்த்துச் சொல்லணுமா?

சொல்ல வேண்டாம். மேலே சொன்ன ‘இதே ஆள் எங்கே’ விளையாட்டுக்கு எழுத்தே தேவையில்லை. வாசகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு “இவர் என்ன சொல்லிக்கொண்டிருப்பார்?” என்று கேளுங்கள், கண்ணாடியைத் தொடாமல். பாதி நேரம் பிள்ளைகள் சொல்வது அச்சில் இருப்பதைவிட நன்றாக இருக்கும்.

வசனமே இல்லாத படங்களை முதலில் தேடுங்கள். ஆனந்த விகடனில் கோபுலு அப்படி நிறைய வரைந்திருக்கிறார். ஒரு வார்த்தை இல்லாமல் ஜோக் முடிந்துவிடும்.

உள்ள ஏன் வெளிச்சம் கம்மியா இருக்கு? போட்டோ எடுக்கலாமா?

காகிதமும் மையும் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். அதனால் காகித ஓவியங்களுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சம் போதும் என்பது மியூசியங்களின் பொதுவான கணக்கு. பிள்ளைக்குப் புரிய வேண்டுமானால் ஜன்னல் ஓரம் கிடக்கும் பழைய காலண்டரைக் காட்டுங்கள், முருகர் நீலமாகிப் போயிருப்பார். போட்டோவுக்கு முதலில் அனுமதி கேளுங்கள். கிடைத்தாலும் ஃபிளாஷ் வேண்டாம்.

கூட என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

பரீட்சை அட்டை, வெள்ளைத்தாள், மழுங்கிய பென்சில். பேனா, ஸ்கெட்ச், வாட்டர் கலர் எல்லாம் பையிலேயே இருக்கட்டும். படங்களுக்குப் பக்கத்தில் மை என்றாலே அங்கே வேலை செய்பவர்களுக்கு வயிற்றில் புளி கரையும். தரையில் உட்கார்ந்து வரையலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். எங்களைச் சிரித்துக்கொண்டே உட்கார விட்டார்கள். ரயிலுக்குப் புளியோதரை. தண்ணீர் பாட்டிலை உள்ளே திறக்க வேண்டாம்.

உள்ள போனதும் ஓட ஆரம்பிச்சா?

வெளியே கூட்டி வந்துவிடுங்கள், அவ்வளவுதான். இலவசம்தானே, பத்து நிமிடம் கழித்து மறுபடி போகலாம். என் மகன் மூன்று தவணையில் பார்த்து முடித்தான்.

மாமியாரும் வர்றேங்கிறாங்க. அவங்களுக்கு அங்க என்ன இருக்கு?

கூட்டிப் போங்கள், உங்களைவிட நல்ல வழிகாட்டி அவர்தான். என் மாமியாரிடம் பத்திரிகைகளில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, காலிகோ போட்டு பைண்டு செய்த கட்டுகள் நாலு உண்டு. கிளம்புவதற்கு முந்தின வாரம் அதைப் பரணிலிருந்து இறக்கினோம். தாள் பழுப்பேறி, ஓரம் அப்பளம் மாதிரி உடைகிறது. படத்துக்குப் பின்பக்கம் பாதி வெட்டுப்பட்ட விளம்பரம் ஒன்று. பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு விளம்பரத்தைத்தான் பார்த்தார்கள். மாமியார் மட்டும் ஒரு பக்கத்தில் விரலை வைத்து, “இந்த முந்தானை மடிப்பைப் பாரு, இதைப் பார்த்துத்தான் நான் புடவை கட்டிக்கவே கத்துண்டேன்” என்றார். கோபுலு வரைந்தது. கல்யாணமாகி வந்து இத்தனை வருடத்தில் எனக்கு அது தெரியாது.

அம்புலிமாமா படித்த தாத்தாக்கள் இருந்தால் தோளில் வேதாளத்தைச் சுமந்து நடக்கும் விக்கிரமாதித்தனைப் பற்றிப் பேச விடுங்கள். அதை வரைந்த சங்கர், கே.சி. சிவசங்கரன், 2020-இல் மறைந்தார், மறு வருடம் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். காயங்குளம் சங்கர் வேறு, இவர் வேறு. குழம்பாதவர்களே கிடையாது, அதனால் சொன்னேன்.

ஸ்கூல்ல 40 பேரைக் கூட்டிட்டுப் போலாமா?

சின்ன இடத்தில் நாற்பது பேர் என்றால் முன்னால் நிற்பவர் தலைதான் தெரியும். பத்துப் பத்தாகப் பிரித்து, மற்றவர்களைப் பூங்காவில் விடுங்கள். முன்கூட்டியே எழுதிக் கேட்காமல் போகவே வேண்டாம்.

அரசியல் கார்ட்டூனைப் பாத்துட்டு ‘இவர் கெட்டவரா?’ன்னு கேட்டா என்ன சொல்ல?

“இதை வரைந்தவருக்கு இவர் செய்த ஒரு காரியம் பிடிக்கவில்லை” என்று சொல்லுங்கள். ஆள் வேறு, காரியம் வேறு. காயங்குளம் சங்கர் தன் வார இதழை 1948-இல் தொடங்கியபோது, தன்னையும் விட்டுவைக்க வேண்டாம் என்று அவரிடம் சொன்னவர் நேரு. சங்கரும் விட்டுவைக்கவில்லை.

கொஞ்சம் பெரிய பிள்ளையானால் மறுபக்கத்தையும் சொல்லலாம். 1987-இல் விகடன் அட்டையில் வந்த ஒரு ஜோக்குக்காக அதன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குத் தமிழக சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. எதிர்ப்புக் கிளம்பியதால் சில நாட்களில் விடுவித்தார்கள். அக்கா பையன் இதைக் கேட்டுவிட்டு, “ஜோக்குக்கா?” என்று இரண்டு தரம் கேட்டான்.

பெரிய மூக்கு, பெரிய தொப்பைன்னு வரைஞ்சு கேலி பண்றதுதானே இது? அதைப் பாத்துட்டு க்ளாஸ்ல மத்தவங்களைக் கிண்டல் பண்ண ஆரம்பிச்சா?

ஆரம்பிப்பார்கள். எங்கள் மாடியிலேயே நடந்தது. ஊருக்குப் போய் வந்த அடுத்த சனிக்கிழமை, கொஞ்சம் பூசினாற்போல் இருக்கும் ஒரு பிள்ளையை இன்னொருவன் பூசணிக்காயாக வரைந்து சுவரில் ஒட்டிவிட்டான். அந்தப் பிள்ளை பேசாமல் பையை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டது. நான் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும், என் தப்புத்தான்.

அதன்பின் ஒரு விதி வைத்தேன்: யாரையும் கேலியாக வரைவதற்கு முன் உன்னை நீயே அப்படி வரைந்து காட்ட வேண்டும். கண்ணாடி பார்த்து, தன் பல்லையும் காதையும் பெரிதாக்கி வரைந்த பிறகு பாதிப் பேருக்கு அடுத்தவரை வரையும் வேகம் குறைந்துவிடுகிறது. இரண்டாவது விதி, கேலி மேல்நோக்கிப் போகலாம், கீழ்நோக்கிப் போகக்கூடாது. அமைச்சரை வரையலாம், அசோசியேஷன் தலைவரை வரையலாம், என்னை வரையலாம். உன்னைவிடச் சின்னவரையோ, ஏற்கெனவே நாலு பேரிடம் கேலி வாங்குபவரையோ வரையக்கூடாது. நிறத்தைக் கேலியாக்கும் பழைய படங்கள் ஏதாவது கண்ணில் பட்டால் தாண்டிப் போகாதீர்கள். நின்று, “இது நன்றாக இல்லை” என்று சொல்லிவிட்டு நகருங்கள். பூசணிக்காய்ப் பிள்ளை மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. இப்போது அதுதான் என்னை எல்லோரையும்விட மோசமாக வரைகிறது.

பொண்ணைப் பாக்க சான் பிரான்சிஸ்கோ போறோம். பேரக்குழந்தைங்களோட அங்க போக ஏதாவது இருக்கா?

இருக்கிறது. 1984-இல் தொடங்கிய கார்ட்டூன் ஆர்ட் மியூசியம், ஃபிஷர்மென்ஸ் வார்ஃப் பக்கம். கார் எடுத்துக்கொண்டு போவதானால் வடக்கே சான்டா ரோசாவில் சார்லஸ் ஷுல்ட்ஸ் மியூசியமும் உண்டு. நாய்க்குட்டி ஸ்னூப்பியை வரைந்தவர். வயது, நேரம், போட்டோ பற்றி மேலே சொன்னதெல்லாம் அங்கேயும் அப்படியே. கட்டணம் மட்டும் உண்டு.

எங்க பொண்ணு என்னைத் தொப்பையும் செல்போனுமா வரைஞ்சு ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டா. வர்றவங்க எல்லாம் சிரிக்கிறாங்க. கிழிச்சிடவா?

கிழிக்காதீர்கள் சார். மூன்று பொருள் விளையாட்டில் அவள் இரண்டே பொருளில் முடித்திருக்கிறாள், அது பெரிய விஷயம். பின்பக்கம் பென்சிலால் தேதி போட்டு வையுங்கள். வெயில் படாத பக்கமாக ஒட்டுங்கள். செல்லோ டேப் மட்டும் வேண்டாம், கொஞ்ச நாளில் மஞ்சளாகிப் படத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். காந்தம் வையுங்கள்.